வெறுங்கை முழம் போடும் இடம்

சென்னையிலிருந்து மதுரைக்கு வேலை மாற்றலாகி வந்த ஒருவர் கேட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அலுவலக நண்பர்களோடு கண்மாய்களுக்குத் தூண்டில் போடப் போகிறார். அவர்கள் பேசுவதில் பாதி புரியவில்லை. புரிகிற பாதியும் பொய்யாகத் தெரிகிறது. "தொடைத் தண்டி விரால்" என்கிறார்கள், அதாவது தொடைப் பருமனுக்கு ஒரு விரால் மீன்; பையைத் திறந்தால் நான்கு ஜிலேபி மீன்கள் கிடக்கின்றன. இதை நம்புவதா, மறுத்துப் பேசுவதா, சிரித்துவிட்டுப் போவதா?

முப்பது வருடங்களுக்கு மேலாக இந்தக் கரைகளில் உட்கார்ந்திருக்கிறேன். மாடக்குளம், சாத்தையாறு, மேலூர்ப் பக்கத்துப் பெரியாற்றுப் பாசனக் கண்மாய்கள் என்று தண்ணீரில் மிதக்கும் தூண்டில் தக்கையைப் பார்த்தபடி கழிந்த காலைகளுக்குக் கணக்கில்லை. என் பதில்: அவசரப்பட்டு நம்பவும் வேண்டாம், மறுக்கவும் வேண்டாம். அந்தப் பேச்சுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. எதைப் பெருக்கிச் சொல்லலாம், எதைத் தொடவே கூடாது, யாரிடம் குறைத்துச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. அது பிடிபட்டுவிட்டால், உங்கள் நண்பர்கள் நீங்கள் நினைப்பதைவிட நேர்மையானவர்கள் என்பது தெரியும்.

இடத்துக்கான சொற்களிலிருந்து தொடங்குகிறேன். சென்னைப் பக்கத்து ஏரியும் கலங்கலும் இங்கே கண்மாயும் கலுங்கும். கரைக்கு உட்புறம் தண்ணீர் பரந்து நிற்கும் நிலம் உள்வாய். பாசனத்துக்குத் தண்ணீர் திறக்கும் இடம் மடை. கண்மாய் நிறைந்து கலுங்கு வழியாக வெளியேறினால் மறுகால் பாய்கிறது என்பார்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருவர் போன் செய்து "மறுகால் பாய்கிறது" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டால், புதுத் தண்ணீரை எதிர்த்து மீன் ஏறுகிறது, உடனே கிளம்பி வா என்று பொருள். இந்தச் சொற்களை யாரும் ஊதிச் சொல்வதில்லை. "மூன்றாவது மடைக்கு இடது பக்கம், கருவேல மரத்திலிருந்து பத்தடி" என்றால் பத்தடிதான். இடத்தைச் சொல்வதென்று முடிவுசெய்தவர் துல்லியமாகச் சொல்வார். விருப்பமில்லாதவர் வாயே திறக்க மாட்டார்.

கருவிகளுக்கான சொற்கள் கொஞ்சம்தான். மூங்கில் கம்பு, நரம்பு, ஈயம், தக்கை, முள். நரம்பு என்பதும் தங்கூஸ் என்பதும் நைலான் இழையைத்தான். முள் என்பது தூண்டிலின் கொக்கி. வள்ளுவர் 931ஆம் குறளில் "தூண்டிற்பொன்" என்று சொல்வது இதைத்தான், அங்கே பொன் என்றால் இரும்பு. முள் வாங்கக் கடைக்குப் போனால் ஒன்றை நினைவில் வையுங்கள்: எண் கூடக் கூட முள் சிறியதாகும். பத்தாம் எண் முள்ளைவிட இருபதாம் எண் முள் மிகப் பொடியானது. "இருபதாம் நம்பர் முள்ளைப் போட்டுப் பெரிய விராலை இழுத்தேன்" என்று ஒருவர் மார்தட்டினால், அவர் முள்ளையே சரியாகப் பார்த்ததில்லை என்று கரையில் இருப்பவர்களுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துவிடும்.

இனி தக்கை. எங்கள் பேச்சின் பெரும்பகுதி தக்கையைப் பற்றியதுதான். தண்ணீருக்குள் நடப்பதைக் கரையில் இருப்பவனுக்குச் சொல்ல வேறு வாய் இல்லை. ஜிலேபி வந்தால் தக்கை குளிரில் நடுங்குகிற மாதிரி சின்னச் சின்னதாகத் துடிக்கும்; அதைக் கொறிக்கிறது என்போம். கெளுத்தி இரையைக் கவ்வியதும் நகரும். தக்கை ஒரு பக்கமாக வெட்டிக்கொண்டு ஓடும். கெண்டை அடித்தரையில் இருக்கும் இரையை வாயில் எடுத்து நிமிரும்போது ஈயத்தின் கனம் தக்கையை விட்டுப் போய்விடும். அதுவரை செங்குத்தாக நின்ற தக்கை மெல்ல மேலே எழும்பித் தண்ணீரின் மேல் சாய்ந்து படுக்கும். இதற்கு "படுத்துவிட்டது" என்று பெயர். புதிதாக வந்தவர் தக்கை முழுகவில்லையே என்று காத்திருப்பார். பழகியவர் படுத்த கணத்தில் சுண்டிவிடுவார். ஒருமுறை பக்கத்தில் இருந்த பெரியவர் பேச்சை நிறுத்தாமல், பார்வையைக்கூடத் திருப்பாமல், மணிக்கட்டை மட்டும் ஒரு விரற்கடை உயர்த்தினார். முள் ஏறிவிட்டது. தக்கை படுத்ததை அவர் கண்ணின் ஓரம் பார்த்திருக்கிறது.

இலக்கணம் என்று சொன்னேனே, அதன் மையம் வினைச்சொற்களில் இருக்கிறது. கொத்தியது என்றால் தக்கை அசைந்தது, அவ்வளவுதான். மீனை யாரும் பார்க்கவில்லை. கடித்தது என்றால் தக்கை முழுகியது, கையில் கனம் தெரிந்தது. மாட்டியது என்றால் முள் ஏறியது, மீன் இழுத்தது. தூக்கினேன் என்றால் மீன் தண்ணீரை விட்டு வெளியே வந்தது, கண்ணால் பார்த்தார். ஏற்றினேன் என்றால் கரையில் கிடந்தது, கையால் தொட்டார். நீங்கள் கேட்கிற கதைகளில் மீன் எவ்வளவு வேண்டுமானாலும் வளரும். ஆனால் நல்ல தூண்டில்காரர் ஒருவர் கடித்த மீனை மாட்டியது என்று சொல்ல மாட்டார். மாட்டிய மீனைத் தூக்கினேன் என்று சொல்ல மாட்டார். பெயர்ச்சொல் ஊதலாம், வினைச்சொல் ஒரு படிகூட ஏறக் கூடாது. ஏறினால் அவர் பேச்சுக்கு அன்றோடு மதிப்பு போய்விடும். எனவே அடுத்த முறை கையின் விரிப்பைப் பார்க்காமல் வினைச்சொல்லைக் கேளுங்கள். "தொடைத் தண்டி விரால் கடித்தது" என்று உங்கள் நண்பர் சொன்னால், அவர் விராலைக் கண்ணால் கண்டதாகவே சொல்லவில்லை. தக்கை முழுகிய வேகத்தை வைத்து ஊகித்ததைச் சொல்கிறார்.

இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. அளவைக் கூட்டினால் அளப்பது. நடக்காததை நடந்ததாகச் சொன்னால் புளுகு. அளப்பது என்ற சொல் எனக்கு மிகவும் பிடித்தது. கோலை வைத்து அளப்பதும் வாயால் அளப்பதும் தமிழில் ஒரே சொல்தான். "அவர் நன்றாக அளப்பார்" என்று கரையில் ஒருவரைப் பற்றிச் சொன்னால் அதில் வசவு குறைவு, பிரியம் அதிகம். ஒரு நூலையும் இன்னொரு நூலையும் சேர்த்து நீட்டிக்கொண்டே போகிறவரைக் கயிறு திரிக்கிறார் என்போம். புளுகன் என்ற பட்டம் மட்டும் கடுமையானது. அது விழுந்தவருக்கு மறுகால் பாய்கிறது என்று போன் வராது.

அளவுகளுக்கு வருகிறேன். தண்டி என்றால் பருமன். தென்மாவட்டங்களில் அன்றாடம் புழங்குகிற சொல். விரல் தண்டி, மணிக்கட்டுத் தண்டி, கெண்டைக்கால் தண்டி, தொடைத் தண்டி என்று உடம்பிலேயே ஒரு அளவுகோல் ஏறிக்கொண்டு போகும். விரால் உருண்டு நீண்ட மீன் என்பதால் அதற்குத் தண்டி சரியாகப் பொருந்துகிறது. தட்டையான ஜிலேபிக்கு யாரும் தண்டி சொல்ல மாட்டார்கள். உள்ளங்கை, விரித்த கை, சாப்பாட்டுத் தட்டு என்று பரப்பில் சொல்வார்கள். (1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலேபியா நம் ஊர் வாயில் ஜிலேபி ஆகி, இன்றைக்குக் கண்மாயின் சொந்த மீன் போலவே ஆகிவிட்டது.) அயிரையை மட்டும் யாரும் பெரிதாக்குவதில்லை. விரல் நீளம்கூட இல்லாத அந்த மீனைக் குழம்பு வைத்துக் கொண்டாடுகிற ஊர் இது. அதன் பெருமையே சிறியதாக இருப்பதில்தான். அயிரையில் அளப்பவர் எண்ணிக்கையில் அளப்பார். அயிரையைப் போட்டு வராலை வாங்குவது என்று பழமொழியே உண்டு.

தண்டிக்கு அடுத்தது முழம். வெறுங்கை முழம் போடுமா என்பது பழமொழி. கையில் பூ இல்லாமல் பூக்காரியால் முழம் போட முடியாதுதான். தூண்டில்காரரின் வெறுங்கையோ போடும். மீன் தப்பிய பிறகுதான் அந்தக் கை முழம் போடவே தொடங்கும். இதில் ஒரு கணக்கு இருக்கிறது, தெரிந்துகொள்ளுங்கள். ஒரு முழம் ஏறக்குறைய ஒன்றரை அடி. அந்த நீள விரால் முக்கால் கிலோவுக்கும் ஒரு கிலோவுக்கும் இடையில் நிற்கும். கையை இன்னும் அரை முழம் விரித்தால் எடையும் அரைப் பங்குதான் கூடும் என்று மனசு கணக்குப் போடும். அது தவறு. மீன் நீளும்போது பருமனும் அகலமும் கூடவே வளர்கின்றன. ஒன்றரை மடங்கு நீளமென்றால் எடை மூன்று மடங்குக்கும் மேல். இரண்டு மடங்கு நீளமென்றால் எட்டு மடங்கு. ஆகவே "இரண்டு முழம் இருக்கும், மூன்று கிலோ" என்று ஒருவர் சொன்னால் இரண்டில் ஒன்று தவறு. இரண்டு முழ விரால் ஆறு கிலோவைத் தாண்டும். அப்படியொன்றைக் காண்பது அரிதிலும் அரிது. அனுபவசாலிகள் நீளத்தை முதலில் கேட்பார்கள். தேநீர் வந்து, பேச்சு எங்கெங்கோ சுற்றிய பிறகு, எடையைக் கேட்பார்கள். உண்மையில் மீனைக் கையில் ஏந்தியவரின் இரண்டு விடைகளும் ஒன்றோடொன்று பொருந்தும்.

அப்படியானால் தப்பிய மீன் எப்போதும் பெரிதாக இருப்பது ஏன்? பொய் சொல்லும் ஆசையால் அல்ல என்பதே என் உறுதியான எண்ணம். கையில் இருக்கும் மூங்கில் கம்பைப் பாருங்கள். 12 அடிக் கம்பு. அடிப்பகுதியில் இரண்டு கைகளுக்கும் இடைவெளி இரண்டு அடி. நுனியில் மீன் குறுக்காக இழுக்கும்போது முன்கை தாங்குகிற விசை அந்த இழுப்பைப் போல ஆறு மடங்கு. தண்ணீர் இறைக்கும் ஏற்றக் கம்பின் கணக்குதான் இது, தலைகீழாக. அரைக் கிலோ இழுப்பு முன்கையில் மூன்று கிலோவாக வந்து இறங்குகிறது. கரைக்கு ஏறிய மீனைக் கண் பார்த்துவிடுகிறது, கை கோபித்தாலும் கண் சொல்வதே நிற்கும். தப்பிய மீனுக்குக் கண் சாட்சி கிடையாது. கை மட்டுமே சாட்சி. அந்தக் கை தான் உணர்ந்ததைத்தான் சொல்கிறது.

நரம்பை வைத்துச் சொல்லும் கதையில் மட்டும் கொஞ்சம் கவனம் வேண்டும். "ஐந்து கிலோ நரம்பையே அறுத்துக்கொண்டு போய்விட்டது, அப்படியானால் மீன் எவ்வளவு இருக்கும்?" என்று கேட்பார்கள். நரம்பு பெரும்பாலும் முடிச்சில்தான் அறுகிறது. முடிச்சு போட்ட இடத்தில் நரம்பின் பலம் குறைந்துவிடும். நைலான் தண்ணீரை உறிஞ்சியும் பலம் இழக்கும். கருவேல முள்ளிலோ கல்லிலோ ஒரு கீறல் விழுந்திருந்தால் ஒரே வெடுக்கில் போய்விடும். அறுந்த நுனியைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். பன்றி வால் போலச் சுருண்டிருந்தால் முடிச்சு நழுவியிருக்கிறது, மீனின் பங்கு அதில் கொஞ்சம்தான். சொரசொரப்பாக இருந்தால் எதிலோ உரசியிருக்கிறது. இதைக் கேட்பது அவமதிப்பு ஆகாது. நல்ல தூண்டில்காரர் நீங்கள் கேட்பதற்கு முன்பே நுனியை விரலில் உருட்டிப் பார்த்திருப்பார்.

இதுவரை பெருக்கிச் சொல்வது. இதே மனிதர்கள் கரையில் இருக்கும்போது எல்லாவற்றையும் குறைத்துச் சொல்வார்கள் என்பதை நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள். வழிப்போக்கர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி "ஏதாவது கிடைத்ததா அண்ணே?" என்றால் "ஒன்றுமில்லை தம்பி, பொடிதான்" என்று பதில் வரும். பொடிதான் என்றால் பெரும்பாலும் பை நிறைந்திருக்கிறது என்று பொருள். நல்ல இடம் நாலு பேருக்குத் தெரிந்தால் அடுத்த வாரம் உட்கார இடமிருக்காது. இன்னொன்று, பல கண்மாய்களில் மீன்பாசி குத்தகை உண்டு. ஏலம் எடுத்தவர் குஞ்சு விட்டு வளர்த்திருப்பார். அங்கே அனுமதி கேட்காமல் தூண்டில் போட்டுவிட்டு "பொடிதான்" என்பது எனக்கு ஒப்பாது. முதலில் கேளுங்கள், பொழுதுபோக்குக்கு ஒற்றைத் தூண்டில் என்றால் பலர் சரி என்றே சொல்வார்கள். சரி என்றவரிடம் பிடித்ததை உள்ளபடி சொல்லிவிட்டு வாருங்கள்.

கோடையில் தண்ணீர் வற்றிய பிறகு மேலூர், நத்தம், சிங்கம்புணரிப் பக்கங்களில் நடக்கும் மீன்பிடித் திருவிழாவில் அளப்பதற்கே வேலையில்லை. விடியற்காலையில் கரையெங்கும் ஆட்கள். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தா, கச்சா போன்ற மீன்பிடி கருவிகளோடும் வலையோடும் எல்லோரும் ஒன்றாக இறங்குவார்கள். யார் என்ன பிடித்தார் என்பதை ஊரே பார்க்கிறது.

பெருமை பேசக் கூடாத மீன் ஒன்று உண்டு. மழைக்காலத்தில் தண்ணீரின் மேல் ஒரு திட்டு மட்டும் உலை கொதிப்பது போலக் குமிழும்; உற்றுப் பார்த்தால் செக்கச்செவேலென்று விரால் குஞ்சுகள். தாயும் தகப்பனும் அடியில் காவல் நிற்கும். அந்தத் திட்டின் மேல் ரப்பர் தவளையை வீசினால் பெற்றது பாய்ந்து கடிக்கும். பசியால் கடிப்பதில்லை, பிள்ளைகளைக் காக்கக் கடிக்கிறது. அப்படி எடுத்த விராலைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் வாழ்த்துவதில்லை. சிறிது நேரத்தில் அந்தக் குஞ்சுகளைக் கொக்கும் நீர்க்காகமும் மற்ற மீன்களும் தின்று தீர்த்துவிடும். எங்கள் கூட்டத்தில் அந்த மீனுக்கு யாரும் முழம் கேட்பதில்லை. அந்த மௌனமே போதும் என்று விட்டிருக்கிறோம்.

அளக்கவே கூடாத ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதினேன். அது தண்ணீர். இன்னும் சரியாகச் சொன்னால், ஆபத்தைக் கூட்டிச் சொல்லலாம், குறைத்துச் சொல்லக் கூடாது. தேளி மீன் குத்தினால் யானையே படுத்துவிடும் என்று சிறுவயதில் எங்களை மிரட்டினார்கள். யானை படுக்காது. ஆனால் அதன் பக்கத்துடுப்பு முள்ளில் விஷம் இருப்பது உண்மை, கடுப்பு தாங்க முடியாது என்பதும் உண்மை; பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்திருந்தால் தணியும். அந்த யானைக் கதையால் நாங்கள் ஒருவரும் தேளியை வெறுங்கையால் தொட்டதில்லை. மடைக்குப் பக்கத்தில் யானை முழுகும் ஆழம் என்று சொல்லி வைத்ததும் இந்த வகைதான்.

குறைத்துச் சொன்னால் என்ன ஆகும் என்பதை நான் பார்த்திருக்கிறேன். பல வருடங்களுக்கு முன்பு, மேலூர்ப் பக்கம் ஒரு கண்மாய். ஒருவருடைய முள் ஆகாயத்தாமரையில் சிக்கிக்கொண்டது. எங்களோடு புதிதாக வந்திருந்த கல்லூரிப் பையன், தான் இறங்கி எடுப்பதாகச் சொன்னான். "இடுப்பளவுதான் மாப்பிள்ளை, இறங்கு" என்றார் ஒருவர். அவர் சொன்னது போன வருடத்து ஆழம். இடையில் கோடையில் வண்டல் மண் அள்ளிப் பள்ளம் பறித்திருந்தார்கள். மழை வந்து அதை மூடி, எல்லாம் ஒரே மட்டமாகத் தெரிந்தது. மூன்று அடி வைத்தான், முழங்கால் அளவு. நான்காவது அடியில் தலை மறைந்தது. சத்தமே இல்லை. ஆகாயத்தாமரை மட்டும் ஆடியது. ஒருவர் கரையில் குப்புறப் படுத்துக் கம்பை நீட்ட, அவர் காலை இரண்டு பேர் பிடித்துக்கொண்டோம். மேலே வந்த கை கம்பின் நுனியைப் பற்றியபோது அந்த மூங்கில் வளைந்த வளைவு இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. பையன் பிழைத்தான். இடுப்பளவு என்று சொன்னவர் அன்று மாலை வரை பேசவில்லை. அதற்குப் பிறகு எங்களில் யாரும் ஆழத்தை வாயால் சொல்வதில்லை. கம்பை இறக்கிக் காட்டுகிறோம், ஈரம் ஏறிய இடத்தைப் பார்க்கச் சொல்கிறோம்.

தெளிந்த தண்ணீரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். மேலிருந்து நேராகப் பார்த்தால் நான்கு அடி ஆழம் மூன்று அடியாகத்தான் கண்ணுக்குத் தெரியும். ஒளி வளைவதால் வரும் மயக்கம் அது. கண்ணே குறைத்துச் சொல்கிற இடத்தில் வாயும் சேர்ந்து குறைக்கக் கூடாது. உங்கள் நண்பர்களில் ஒருவர் மீனை எவ்வளவு வேண்டுமானாலும் நீட்டட்டும், நீங்கள் ரசித்துக் கேளுங்கள். ஆனால் "ஆழமெல்லாம் இல்லை, சும்மா இறங்கு" என்று ஒருவர் சொன்னால், அவரோடு அந்தக் கரைக்குப் போகாதீர்கள்.

மற்றபடி, அவர்கள் கதை சொல்லும்போது எப்படிப் பதில் சொல்வது என்று கேட்டீர்கள். எங்கே அறுந்தது என்று கேளுங்கள். தக்கை படுத்ததா, ஓடியதா என்று கேளுங்கள். கதை சொல்பவரின் முகம் மாறிவிடும்; இவ்வளவு நேரமும் அவர் தேடிக்கொண்டிருந்தது இந்தக் கேள்வியைத்தான். ஒரு நாள் உங்களுக்கும் ஒரு மீன் மாட்டும். கம்பு வளைந்து, முன்கை நடுங்கி, திடீரென்று எல்லாம் லேசாகிவிடும். அன்று தேநீர்க் கடையில் அதைச் சொல்லத் தொடங்கும்போது, எவ்வளவு காட்டுவது என்று யோசிக்க வேண்டாம். வினைச்சொல்லை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், கை தானாக விரியும்.